கரும்பு செதுக்கிய வாசலும் மாதாவின் இடது காலும்

போன மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். கப்பல் சுற்றுலாவில் போகிறாராம், பலெர்மோவில் ஒரு பகல் நிற்குமாம். "பெரிய தேவாலயத்தைப் பற்றியும் சந்தையைப் பற்றியும் எல்லோரும் எழுதிவிட்டார்கள் அக்கா, நீங்கள் வேறு ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது சியாகுல்லிக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு சிறிய ஆலயம். வழிகாட்டிப் புத்தகங்களில் நான் அதைப் பார்த்ததில்லை. நான் அங்கே போனது 1997ஆம் ஆண்டு மே மாதம். ஆகவே கீழே தரும் விலைகளை நம்பிக் காசு எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். லீரா என்ற பணமே இப்போது இல்லை.

முதலில் ஏன் போனேன் என்று சொல்லவேண்டும். எனக்கு மலை ஏறுவது பிடிக்காது. கட்டடம் பார்க்கப் பிடிக்கும், ஆனால் அது சமதரையில் இருந்தால் நல்லது என்று நினைக்கிற ஆள் நான். அப்போது ஜேர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு பேக்கரியில் வேலை. கிடைத்த ஒரு வார விடுமுறையில் பிள்ளைகளை இவரிடம் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினேன் என்றால் அதற்கு ஒரே காரணம் ஜெசிந்தா.

ஜெசிந்தாவும் நானும் மன்னாரில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். என் அப்பா அங்கே தபால் கந்தோரில் சில வருடங்கள் வேலை பார்த்தார். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவம், அவள் மன்னார்க் கத்தோலிக்கம். ஊரில் நடந்த போரில் கணவன் இல்லாமல் போனபிறகு, கைக்குழந்தையாக இருந்த மகள் நிரோசாவை அக்காவிடம் விட்டுவிட்டுப் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் வேலை. சமைப்பது, துடைப்பது, பின்னேரத்தில் அந்த அம்மாவைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள்தான்.

ஏப்ரலில் தொலைபேசியில் கூப்பிட்டாள். "வசந்தி, மே மாதம் மலையிலை மாதா திருநாள். ஞாயிறு பூசை. திங்கட்கிழமை சிஞ்ஞோரா என்னோடை குவெஸ்தூராவுக்கு வாறா, நிரோசாவைக் கூப்பிடுற அலுவலுக்கு. எனக்குத் தனியப் பயமாக் கிடக்கு. ஒருக்கா வாவன்."

குவெஸ்தூரா என்பது வெளிநாட்டவரின் பத்திரங்களைக் கொடுக்கும் பொலிஸ் அலுவலகம். மகளைக் கூப்பிடவேண்டுமென்றால் நிரந்தர வேலையும் இருக்க இடமும் உண்டென்று வேலை கொடுப்பவர் உறுதி சொல்லவேண்டும். சிஞ்ஞோராவின் வாய்ச்சொல்லில்தான் நிரோசாவின் வருகை தொங்கிக்கொண்டிருந்தது. நிரோசாவுக்கு அப்போது ஒன்பது வயது. தாயின் முகம் அவளுக்குப் படத்தில் மட்டும்தான் தெரியும். நான் எப்படிப் போகாமல் இருப்பேன்?

ஸ்டுட்கார்ட்டிலிருந்து மிலானோ, அங்கிருந்து இரவு ரயில். இத்தாலியின் கால்நுனியில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். தலைமன்னாரில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலுக்கு ஓடிய காலம் எனக்குத் தெரியும். இங்கே ரயிலே கப்பலில் ஏறுகிறது, நாம் மேல்தட்டில் நின்று காப்பி குடிக்கலாம். விமானத்தில் போனால் இதைத் தவறவிடுவீர்கள். ஆனால் இடுப்பு வலி உள்ளவர்கள் விமானத்திலேயே போங்கள், நான் பழி ஏற்கமாட்டேன்.

வெள்ளி பிற்பகல் ஜெசிந்தா நிலையத்தில் நின்றாள். மெலிந்திருந்தாள். அல்பெர்கேரியாவில் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் இருந்தாள், நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். அறைக்குள் ஒரு கட்டிலும், பக்கத்தில் சுருட்டி வைத்த ஒரு புது மெத்தையும் இருந்தன. மெத்தை எனக்காக்கும் என்று நினைத்து விரிக்கப் போனேன். "அது நிரோசாவுக்கு. நீ என்னோடை கட்டிலிலை படு" என்றாள். மெத்தையின் பொலித்தீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

சனி காலையில் ஆலயத்தைக் கழுவுவதற்காகப் புறப்பட்டோம். நிலையத்துக்கு அருகே நகரப் பேருந்து, பயணச்சீட்டு ஆயிரத்து ஐந்நூறு லீரா. சியாகுல்லி எட்டுக் கிலோமீற்றர்தான், ஆனால் பேருந்து முக்கால் மணி நேரம் எடுத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாரதி யாரோடாவது கதைக்கவேண்டியிருந்தது. நகரம் முடிந்ததும் இரண்டு பக்கமும் 'மாந்தரின்' என்ற சின்ன ஆரஞ்சுப் பழத் தோட்டங்கள். மற்ற இடங்களில் பழம் முடிந்தபிறகு இங்கேதான் கடைசியாகப் பழுக்குமாம். நான் போனபோது பழம் முடிந்து பூப் பருவம். யன்னல் வழியே வந்த வாசத்தில் பேருந்தில் இருந்த எல்லோருமே கொஞ்சம் நல்லவர்களாகத் தெரிந்தார்கள்.

தோட்டங்கள் முடியும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் கல்லுப் பாதை. பின்னால் சாமான் தட்டு வைத்த ஒரு மூன்று சக்கர வண்டியோடு டோட்டோ என்ற தோட்டக்காரர் காத்திருந்தார். ஜெசிந்தா தண்ணீர்க் கலன்களோடு ஏறிக் குந்தினாள். எனக்கும் தட்டில்தான் இடம். பத்தாயிரம் லீரா கொடுத்தேன். முதல் வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டேன். டோட்டோ திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். ஜெசிந்தா சிரித்தாள்.

"என்னவாம்?"

"உன்ரை சிநேகிதி இப்பவே செபம் சொல்லத் துவங்கிட்டா, கோயில் இன்னும் மேலை எண்டு சொல்லுறார்."

மேலே இறங்கியதும் மனிதரை மன்னித்துவிட்டேன். கீழே இருண்ட பச்சையில் தோட்டங்கள், அப்பால் நகரம், அதற்கும் அப்பால் கடல். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய சமையலறை அளவுக்கு மட்டும் ஓர் ஆலயம். சுவர் தேன் நிறக் கல். கிட்டப்போய்ப் பார்த்தால் கல்லுக்குள் சிப்பிகள் தெரியும், அந்தக் கல் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. வாசலின் இரண்டு நிலைகள் மட்டும் வெள்ளைப் பளிங்கு.

இப்படியான வாசல் நிலைகளில் வழக்கமாக இலையும் கொடியும் செதுக்கியிருப்பார்கள். இங்கே நான் பார்த்தது கணுக் கணுவாக ஏறிப்போகும் ஒரு தடி. உச்சியில் நீட்டு இலைகள். தடவிப் பார்த்துவிட்டுக் கத்தினேன். "எடி, இது கரும்பு!"

"ஓம், கரும்புதான். உனக்குச் சொல்லேல்லையே?" என்றாள் ஜெசிந்தா, அது ஒரு பெரிய விஷயமா என்பதுபோல.

கதை இதுதான், அவள் சிஞ்ஞோராவிடம் கேட்டது. ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் இந்த அடிவாரம் முழுக்கக் கரும்பு. பலெர்மோவைச் சுற்றிச் சீனி ஆலைகள் புகைந்த காலம் அது. சிஞ்ஞோராவின் முன்னோர் ஒருவர் அப்படி ஓர் ஆலை வைத்திருந்தார். கொதிக்கும் பாகுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அடிக்கடி வெந்துபோனார்கள். அவர்களுக்காக வேண்டிக்கொள்ளவும், தன் பணத்தை ஊருக்குக் காட்டவும் மேலே இதைக் கட்டினார். பிறகு கரும்பு வேறு நாடுகளுக்குப் போய்விட்டது, ஆலை அழிந்தது, நிலத்தில் மாந்தரின் வந்தது. கரும்பு இப்போது வாசலில் மட்டும்தான் நிற்கிறது. எங்கள் ஊரில் பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் வாசலில் கரும்பு கட்டுவோம். இவர்கள் கல்லிலேயே கட்டிவிட்டார்கள்.

கட்டட விருப்பம் உள்ளவர்கள் உள்ளே போனதும் நிமிர்ந்து பாருங்கள். சதுர அறை, மேலே அரைக்கோளக் கூரை. சதுரத்தின் மேல் வட்டத்தை எப்படி உட்கார வைப்பது என்பதுதான் கட்டுகிறவனின் தலையிடி. இங்கே நான்கு மூலைகளிலும் வளைவுக்குள் வளைவாக அடுக்கி அதைச் செய்திருக்கிறார்கள். அராபியர் அந்தத் தீவில் விட்டுப்போன வழக்கம் அது. ஆனால் வாசலும் பீடமும் மாதாவும் வேறு கை. சிசிலிக்கு மறுமலர்ச்சிக் கலை பிந்தித்தான் வந்தது, அதுவும் பெரும்பாலும் பளிங்கோடு கப்பலில், வடக்கிலிருந்து பிழைக்க வந்த சிற்பிகளோடு. உள்ளூர்க் கொத்தன் தனக்குத் தெரிந்தபடி மூலையைக் கட்டினான். வந்த சிற்பி தனக்குத் தெரிந்தபடி முகத்தைச் செதுக்கினான். இரண்டும் ஒரு கூரைக்குள் ஒத்துப்போய்விட்டன.

மாதா பீடத்தின்மேல் குழந்தையோடு நிற்கிறார். பெரிய சுரூபம் இல்லை, பத்து வயதுப் பிள்ளையின் உயரம் இருக்கும். வாசலுக்கு மேலே உள்ள வட்ட யன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிறது. அங்கியின் மடிப்புக்குக் கீழிருந்து இடது கால் மட்டும் முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கால் மற்ற இடங்களைவிட வழுவழுப்பு. தலைமுறை தலைமுறையாகத் தொட்டுத் தொட்டு வந்த வழுவழுப்பு அது. சிஞ்ஞோரா பிறந்ததிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் பூசைக்கு முன் அந்தக் காலைத் தடவிக் கும்பிடுவாராம். இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது, கண்பார்வை முழுதாகப் போய்விட்டது. "அவவுக்கு இந்தக் கோயில் எண்டால் இந்தக் கால்தான்" என்றாள் ஜெசிந்தா.

ஆலயம் அந்தக் குடும்பத்தின் சொந்தச் சொத்து. வருடத்தில் ஒரு நாள் தவிரப் பூட்டிக் கிடந்த அதைத் திறந்து, பலெர்மோவில் இருக்கும் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்குத் திருநாள் வைக்க விட்டது சிஞ்ஞோராதான். பூட்டின் திறப்பு ஜெசிந்தாவின் கையில் இருந்தது.

வேலையைத் தொடங்கினோம். பித்தளை மெழுகுதிரித் தண்டுகள் கறுத்துப்போயிருந்தன. ஜெசிந்தா சந்தையில் எங்கள் ஆள் ஒருவரின் கடையில் வாங்கிய பழப்புளியைக் கரைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் பூச, நான் தேய்த்தேன். தண்டுகள் தங்கமாய் மின்னின. ஊரில் மாதா கோயில் தண்டுகளை இப்படித்தான் சிறுமிகளாக இருந்தபோது விளக்கினோம். நான் சைவம் என்று யாரும் என்னைத் தடுத்ததில்லை, வேலைக்கு ஆள் போதாமல் இருந்திருக்கும்.

அவற்றை வெளியே வெயிலில் காயவைத்துவிட்டு நான் மறுபடி கரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் தரை கழுவும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் சத்தம் நின்றது. "வசந்தி, ஓடி வா!"

சட்டியில் புளி மிஞ்சியிருந்தது. மாதாவின் காலில் மெழுகுதிரிப் புகை கறுப்பாய்ப் படிந்திருந்தது. பித்தளை மின்னியதைப் பார்த்த கையோடு அந்தப் புளியைக் காலிலும் பூசி, ஊறட்டும் என்று விட்டுவிட்டுத் தரையைக் கழுவியிருக்கிறாள். துடைத்தபோது புகை போய்விட்டது. பளபளப்பும் போய்விட்டது. கால் விரல்கள் மாப் பூசியதுபோல் வெளிறிக் கிடந்தன. தடவிப் பார்த்தேன், சொரசொரப்பு. புளிப்பு எதுவும் பளிங்கைத் தின்றுவிடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எங்கள் வீடுகளில் பளிங்கு எங்கே இருந்தது?

சேலைத் துணியால் தேய்த்தோம். அவளுடைய பையிலிருந்த தேங்காயெண்ணெயைப் பூசினோம். ஒரு நிமிடம் மின்னியது, பிறகு பிசுபிசுத்தது, அதையும் துடைத்தோம். சொரசொரப்பு அப்படியே இருந்தது. ஜெசிந்தா பீடத்தின் படியில் இருந்துவிட்டாள்.

"திறப்பை வாங்கிப்போடுவா. வேலையாலை நிப்பாட்டிப்போடுவா. திங்கட்கிழமை ஆர் எனக்கு வந்து சொல்லுவினம், வசந்தி? என்ரை பிள்ளை வராது."

எனக்குத் தோன்றிய யோசனையைச் சொன்னேன். கீழே தோட்டத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக் கிடக்கிறது, அள்ளி வந்து காலை மறைத்துவிடுவோம்.

அவள் அழுகைக்குள்ளும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "கண் தெரியாத மனிசியிட்டை இருந்து பூவாலை மறைக்கப் போறியோ? நீ என்ன படிச்சனி?"

உண்மைதான். பார்க்கிறவர்களை ஏமாற்றலாம், தொடுகிறவரை ஏமாற்ற முடியாது.

பின்னேரம் சிஞ்ஞோராவைக் குளிப்பாட்ட வேண்டிய நேரம். வீடு அடிவாரத்தில், தோட்டத்தின் நடுவே. அன்றைக்கே சொல்லிவிடுவதாக ஜெசிந்தா உள்ளே போனாள். நான் மரங்களுக்குள் நின்றேன். திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. "வாய் வரேல்லையடி. தோளிலை தண்ணி வாக்க வாக்க, இப்ப சொல்லுவம், இப்ப சொல்லுவம் எண்டு நிண்டன்" என்றாள். அன்று இரவு கட்டிலில் அவள் தூங்கவில்லை. சுவரோரம் சுருட்டிவைத்த மெத்தையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள், நானும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பூசை. அல்பெர்கேரியாவிலிருந்தும் போர்கோ வெக்கியோவிலிருந்தும் எங்கள் ஆட்கள் ஏறி வந்தார்கள். மன்னார், யாழ்ப்பாணம், தீவுப்பகுதி, வேதக்காரர், சைவர் எல்லோரும்தான். நெற்றியில் குங்குமத்தோடு பெண்கள் மாதாவுக்கு மெழுகுதிரி கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் ஒரு சொல் தமிழிலும் மறு சொல் சிசிலிக்காரரின் இத்தாலியனிலும் சண்டை போட்டார்கள். வாசலில் செருப்பும் சப்பாத்தும் குவிந்தன. டோட்டோ அந்தக் குவியலைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். வீட்டுக்குப் போகும்போது எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பது அவருடைய கவலை.

சிஞ்ஞோரா வந்தது அதே மூன்று சக்கர வண்டியில், தட்டில் ஒரு கதிரையைக் கயிற்றால் கட்டி அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி. கறுப்பு உடை, முத்துத் தோடு. அந்தப் பாதையில் அவர் கண்ணை மூடவில்லை. வாசலில் காலை நீட்டினார், ஜெசிந்தா குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவரும் அப்படித்தானாம். கரும்பு நிலையை ஒரு கையால் தடவிக்கொண்டு உள்ளே போனார். மாதா பாட்டுத் தொடங்கியிருந்தது. ஜெசிந்தா அவர் கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப் போனாள். நான் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன்.

சிஞ்ஞோராவின் கை மாதாவின் காலைத் தொட்டது. விரல்கள் ஒரு தரம் போய் வந்தன, பிறகு நின்றன. மறுபடி, மெதுவாக, பெருவிரலால் ஒவ்வொரு விரலாகத் தடவினார். பாட்டு தொடர்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பாமலே பேசினார். எனக்கு அப்போது ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு ஜெசிந்தா சொன்னதை அவள் சொன்னபடியே தருகிறேன்.

"ஆர் இதைக் கழுவினது?"

"நான்தான், சிஞ்ஞோரா."

"எதாலை?"

"புளியாலை. எங்கடை ஊரிலை பித்தளை விளக்குற சாமான். மாதாவின்ரை கால் கறுத்துக் கிடந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எப்ப?"

"நேற்று."

சிஞ்ஞோரா காலிலிருந்து கையை எடுத்தார். ஜெசிந்தாவின் கையைத் தேடிப் பிடித்தார். அதைத்தான் நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு கைகளாலும் பிடித்து, மாதாவின் காலைத் தடவிய அதே பெருவிரலால் அவள் உள்ளங்கையைத் தடவினார்.

"நேற்றுப் பின்னேரம் உன்ரை கை நடுங்கினது இதுக்குத்தானோ?" என்று கேட்டாராம். "நான் உனக்கு ஏதோ வருத்தம் எண்டு நினைச்சன். இரா முழுக்க நித்திரை இல்லை. நீ இல்லாட்டி எனக்கு ஆர்?"

சிஞ்ஞோராவின் குரல் உடனே கடுமையாகிவிட்டது. அது எனக்கே தெரிந்தது, ஏதோ ஏசுகிறார் என்று பயந்தேன். உண்மையில் ஏசத்தான் செய்தார்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். அடுத்த வருசம் தண்ணி மட்டும். விளங்கினதோ? தண்ணி மட்டும்."

ஜெசிந்தா அந்த இடத்திலேயே முழங்காலில் இருந்து விம்மி அழுதாள். சுற்றி நின்ற பெண்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள், இரண்டு பேர் சேர்ந்து அழவும் செய்தார்கள். அவளுக்குக் காதில் விழுந்தது "தண்ணி" இல்லை. "அடுத்த வருசம்" என்ற சொல்தான். எனக்கு அவள் இதைச் சொன்னது இறங்கி வரும்போது வண்டித் தட்டில். அப்போது நானும் அழுதேன். முன்னால் டோட்டோ திரும்பித் திரும்பிப் பார்த்தார். வண்டி ஓட்டத்துக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

திங்கள் காலை நாங்கள் போனபோது சிஞ்ஞோரா உடுத்தி, கைப்பையும் கையுமாக வாசலில் இருந்தார். குவெஸ்தூராவில் நீண்ட வரிசை. எனக்கு உள்ளே அனுமதி இல்லை, வெளியே நின்றேன். இரண்டு பேரும் வெளியே வந்தபோது யார் யாரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. அலுவல் இழுபட்டது, இப்படியான அலுவல் எங்கேதான் இழுபடவில்லை. அடுத்த வருடத் திருநாளுக்கு நிரோசா வந்துவிட்டாள். மெத்தையின் பொலித்தீனை அவளே கிழித்ததாக ஜெசிந்தா தொலைபேசியில் சொன்னாள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மே மாதம் நல்லது, பூ வாசமும் இருக்கும், வெயிலும் தாங்கும். நிலையத்தடியிலிருந்து சியாகுல்லிப் பேருந்து இப்போதும் இருக்கிறது என்று சொல்கிறார்கள், நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். கல்லுப் பாதைக்குத் தடித்த அடியுள்ள சப்பாத்து வேண்டும். வயதானவர்களை நடக்க விடாதீர்கள், தோட்டக்காரர் யாரிடமாவது வண்டி கேளுங்கள், கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். திருநாள் தவிர மற்ற நாட்களில் பூட்டியிருக்கும். அடிவாரத்துத் தோட்ட வீட்டில் கேட்டால் திறந்துவிடுவார்கள். சிஞ்ஞோரா இப்போது இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஜெசிந்தா இருக்கிறாள், திறப்பும் அவளிடம்தான். தமிழில் கேளுங்கள், தேத்தண்ணியும் தருவாள்.

உள்ளே போனால் வாசலில் கரும்பைப் பாருங்கள், கூரையின் மூலைகளைப் பாருங்கள். பிறகு மாதாவின் இடது காலைக் கையால் தொடுங்கள். சொரசொரப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் முன்பைவிடக் குறைவு என்று ஜெசிந்தா சொல்கிறாள். ஒவ்வொரு வருடமும் இத்தனை கைகள் தொடுகின்றன, எங்கள் கைகள்தான் அதில் பாதி. மெல்ல மெல்ல அது மறுபடியும் வழுவழுப்பாகிக்கொண்டு வருகிறதாம். திருநாளுக்கு முதல்நாள் அதை இப்போது நிரோசா கழுவுகிறாள். தண்ணீர் மட்டும்.